ஷெஃபீல்டுக்குப் புதுசு: எந்த அணியைப் பிடித்துக்கொள்வது?

பனிமலர் | 12 அக்டோபர் 2025

எல்லோருக்கும் வணக்கம். செவிலியர் வேலைக்காக இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. எங்கள் வீட்டில் கிரிக்கெட் மட்டும்தான். கால்பந்து என்றால் உலகக் கோப்பை சமயத்தில் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்ததோடு சரி.

இங்கே திங்கட்கிழமை காலை வார்டுக்குள் நுழைந்தால் முதல் பேச்சே சனிக்கிழமை ஆட்டம்தான். பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றும்போதே நோயாளிகள் "நீ எந்த அணி?" என்று கேட்கிறார்கள். "இன்னும் எதுவும் இல்லை" என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. இந்த ஊரில் பல வருடம் இருக்கப் போகிறவள் நான். தெரிந்துகொண்டு, மனசார ஒரு அணியைப் பிடிக்க வேண்டும்.

சிக்கல் இதுதான். குடியிருப்பது லண்டன் ரோடு பக்கம். ஷெஃபீல்ட் யுனைடெட்டின் பிரமால் லேன் மைதானம் நடந்துபோகிற தூரம். வேலை பார்ப்பது ஊரின் வடக்கே. அங்கே முக்கால்வாசிப் பேர் ஊரின் இன்னொரு அணியான ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயின் ரசிகர்கள். ஊரிலிருக்கும் தம்பியோ, "அக்கா, மான்செஸ்டர் சிட்டியைப் பிடி, அதுதான் ஜெயிக்கிற அணி" என்கிறான். எதை வைத்து முடிவு செய்வது?

சிங்கை_ரவி | 12 அக்டோபர்

நான் சிங்கப்பூர். 20 வருடமாக லிவர்பூல். 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி இங்கே அதிகாலை 2.45-க்குத் தொடங்கியது. இடைவேளையில் ஏசி மிலான் 3-0. அப்பா டிவியை அணைக்கப் போனார், நான் ரிமோட்டைக் கொடுக்கவில்லை. ஆறே நிமிடத்தில் மூன்று கோல், அப்புறம் பெனால்டியில் கோப்பை. விடிந்ததும் தூங்காமல் தேர்வு எழுதப் போனேன். லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டுக்கு நான் இதுவரை போனதே இல்லை. ஆனாலும் அது என் அணி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொலைவில் இருப்பவர்களின் பற்று குறைந்தது என்று சிலர் பேசுவார்கள், அதை நம்பாதீர்கள்.

ஆனால் நீங்கள் அந்த ஊரிலேயே இருக்கிறீர்கள். நான் டிவியில் பார்ப்பதை நீங்கள் படியேறிப் பார்க்கலாம். அந்த வாய்ப்பை விடாதீர்கள்.

சிவப்பு_வெள்ளை | 12 அக்டோபர்

வீடு லண்டன் ரோடு என்றால் யோசிக்கவே வேண்டாம், யுனைடெட்தான்! நான் 2017-ல் எம்எஸ்சி படிக்க வந்தவன். சனிக்கிழமை மதியம் கறி வாங்க அந்தத் தெருவில் நடந்தால் சிவப்பு வெள்ளைச் சட்டை போட்ட கூட்டம் ஆறுபோல ஓடும். அந்தக் கூட்டத்தோடு ஒரு நாள் நானும் போனேன்.

நீங்கள் கிரிக்கெட் வீட்டுப் பெண் என்பதால் ஒன்று சொல்கிறேன். பிரமால் லேன் கிரிக்கெட் மைதானமாகத் தொடங்கிய இடம். 1902-ல் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அங்கே டெஸ்ட் ஆடியிருக்கின்றன. யார்க்ஷயர் அணி 1973 வரை அங்கே ஆடியது. அதனால் பல காலம் மைதானத்தின் மூன்று பக்கம்தான் பார்வையாளர் வரிசை, நான்காவது பக்கம் வெறும் கிரிக்கெட் புல்வெளி. இப்போதிருக்கும் தெற்கு ஸ்டாண்ட் அந்தப் புல்வெளி மேல் 1975-ல் வந்தது.

இங்கிலாந்தின் முதல் நிலை லீகான பிரீமியர் லீகின் வரலாற்றில் முதல் கோல் விழுந்ததும் அங்கேதான். 1992 ஆகஸ்ட் 15, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக பிரையன் டீன் தலையால் முட்டியது. நான் வந்த பிறகு 2019-ல் பிரீமியர் லீகுக்கு மேலே ஏறி, அடுத்த சீசனிலேயே ஒன்பதாம் இடம் பிடித்தோம். அப்போதைய பயிற்சியாளர் கிறிஸ் வைல்டர் இந்த ஊர்க்காரர், சிறுவயதிலிருந்தே இந்த அணியின் ரசிகர். போன மாதம் அவர் மறுபடி வந்திருக்கிறார். இந்த மே மாதம் லண்டன் வெம்பிளி மைதானத்தில், பிரீமியர் லீகுக்கு ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதியில் சண்டர்லேண்டிடம் கடைசி நிமிடத்தில் தோற்றோம், அந்த வலி இன்னும் ஆறவில்லை. எழுதும்போதே கை நடுங்குகிறது.

புதன்காரர் | 13 அக்டோபர்

தங்கச்சி, நான் வெட்னஸ்டே. 24 வருடமாக இந்த ஊரில் டாக்சி ஓட்டுகிறேன். உங்களிடம் நேர்மையாகப் பேச வேண்டும்.

பெயர்க் காரணத்தில் தொடங்குகிறேன். 1820-ல் இங்கே ஒரு கிரிக்கெட் கிளப் இருந்தது. அதன் ஆட்டக்காரர்கள் சிறு தொழில் செய்தவர்கள். அவர்களுக்குப் புதன்கிழமை அரைநாள் விடுப்பு, அன்றைக்குத்தான் ஆடுவார்கள். குளிர்காலத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், உடம்பும் துருப்பிடிக்கக் கூடாது என்று 1867-ல் கால்பந்து ஆரம்பித்தார்கள். கிரிக்கெட் கிளப் காலத்தோடு போய்விட்டது, புதன்கிழமை என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. நான்கு முறை லீக் பட்டம்: 1903, 1904, 1929, 1930. கடைசிப் பெரிய கோப்பை 1991-ல். இரண்டாம் நிலையில் இருந்துகொண்டு மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று லீக் கோப்பை வாங்கினோம். 2000-த்தில் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியவர்கள், இன்றுவரை திரும்பப் போகவில்லை.

இப்போது நிலைமை ரொம்ப மோசம். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. கோடையில் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள். உரிமையாளர் போக வேண்டும் என்று ரசிகர்கள் போராடுகிறோம். பல வருடமாகச் சீசன் டிக்கெட் வைத்திருந்த நான் இந்த வருடம் வாங்கவில்லை. இந்த நேரத்தில் உங்களை வா என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_குமரன் | 13 அக்டோபர்

வணக்கம் அக்கா. நாங்கள் யாழ்ப்பாணம், இருப்பது கிழக்கு லண்டன். எங்கட ஆட்கள் உதைபந்தாட்டம் என்றுதான் சொல்லுவம்.

வீட்டுக்குப் பக்கத்து மைதானம் என்ற ஒரே காரணத்துக்காகத் தெரிவு செய்ய வேண்டாம் என்று சொல்ல வந்தேன். நான் வெஸ்ட்ஹாம். அப்டன் பார்க்கில் அவர்களுடைய பழைய போலின் மைதானம் எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம். ஆட்ட நாளில் கிரீன் ஸ்ட்ரீட் புடவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் நடுவால் கருஞ்சிவப்பு நீலச் சட்டைகள் போகும். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தச் சனத்துக்குள் நின்றது ஞாபகம் இருக்கிறது. 2016 மே 10, அங்கே கடைசி ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று வென்றோம். அதுக்குப் பிறகு கிளப் ஸ்ட்ராட்ஃபோர்டு ஒலிம்பிக் அரங்குக்குப் போய்விட்டது. பழைய இடத்தில் இப்ப அடுக்குமாடி வீடுகள்.

மைதானம் போய்விட்டது, ஆனால் நான் இன்னும் வெஸ்ட்ஹாம்தான். ஏனென்றால் அப்பா வெஸ்ட்ஹாம், பக்கத்து வீட்டுக் கிழவர் வெஸ்ட்ஹாம், பள்ளிக்கூடச் சிநேகிதன் வெஸ்ட்ஹாம். நீங்கள் ஆட்களைப் பாருங்கள்.

மூத்தபந்து | 13 அக்டோபர்

மலர், அவசரப்படாதீர்கள். ஓர் அணியைப் பிடிப்பதற்கு முன்னால் நீங்கள் எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். உலகத்தின் மிகப் பழைய கால்பந்துக் கிளப் அந்த ஊரில்தான் பிறந்தது. ஷெஃபீல்ட் எஃப்.சி., ஆண்டு 1857. கார்னர் கிக் போன்ற விதிகள் இங்கிருந்துதான் மற்ற இடங்களுக்குப் பரவின. 2004-ல் ஃபிஃபா தன் உயரிய விருதை இரண்டு கிளப்புகளுக்குக் கொடுத்தது: ஒன்று ரியல் மாட்ரிட், மற்றது இந்தச் சின்னக் கிளப்.

அடுத்தது ஹாலம் எஃப்.சி., 1860. கிராஸ்பூல் மேட்டில் அவர்களுடைய சாண்டிகேட் மைதானம் இருக்கிறது. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் ஏற்றுக்கொண்ட இடம். 1860 டிசம்பர் 26 அன்று ஷெஃபீல்டும் ஹாலமும் அங்கே மோதின. வாசலில் காசு கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். ஷிஃப்ட் இல்லாத நாளில் போய்ப் பாருங்கள். ஆட்டக்காரரின் மூச்சுச் சத்தம் கேட்கிற தூரத்தில் நின்று ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். ஜெயிக்கிற அணி என்று அவர் சொல்லும் மான்செஸ்டர் சிட்டி 1999 மே மாதம் மூன்றாம் நிலை லீகில் இருந்தது. ஜில்லிங்கமுக்கு எதிரான பிளே-ஆஃப் இறுதியில் 2-0 என்று பின்தங்கி, 90 நிமிடம் முடியும் நேரத்தில் இரண்டு கோல் போட்டு, பெனால்டியில் தப்பித்து மேலே வந்தது. 2008-ல் அபுதாபிப் பணம் வந்ததெல்லாம் அதற்கப்புறம். அந்த 1999-ல் வெம்பிளியில் அழுதவர்கள் யாரும் ஜெயிக்கிற அணி என்று அதைப் பிடிக்கவில்லை.

வியாசை_தாஸ் | 14 அக்டோபர்

வியாசர்பாடியிலிருந்து வணக்கம். எங்கள் தெருவில் கிரிக்கெட்டை விடக் கால்பந்துதான் பெரிசு. அக்கா, உங்களுக்கு ஒரு ஆச்சரியமான விஷயம். சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டங்களை இங்கிலாந்தில் டிவியில் நேரடியாகக் காட்ட மாட்டார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குப் போக வேண்டும், சின்னக் கிளப்புகளின் வாசல் வசூல் குறையக் கூடாது என்று 1960-களிலிருந்து இருக்கும் கட்டுப்பாடு. நாங்கள் இங்கே அதே பிரீமியர் லீக் ஆட்டங்களை இரவு 7.30-க்குச் சாவகாசமாகப் பார்க்கிறோம். அங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னால் திருப்பி வைத்தால் எங்களுக்கு 8.30. அந்த ஊரில் இருப்பவர் கிளம்பித்தான் போக வேண்டும், அதனால் போங்கள்.

லோகா_லீட்ஸ் | 15 அக்டோபர்

யாரும் பார்ன்ஸ்லியைச் சொல்லவில்லையே! ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் அரை மணிநேரம்கூட ஆகாது. அங்கே விமல் யோகநாதன் என்று ஒரு தமிழ்ப் பையன். இலங்கைத் தமிழ்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது வேல்ஸ். பார்ன்ஸ்லியின் இளையோர் அணியில் வளர்ந்து 2024-ல் முதல் அணிக்காக இறங்கினார். தமிழ் வம்சாவளியில் ஒருவர் இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்தில் ஆடுவதைப் பார்க்க நாங்கள் எத்தனை வருடம் காத்திருந்தோம்! என் பையனுக்கு 11 வயது. அந்தப் பெயரைச் சட்டையின் முதுகில் பார்த்ததும் வாய் திறந்து படித்தான், எழுத்துக் கூட்டாமல். அவன் வகுப்பில் யாருக்கும் அந்தப் பெயரை அப்படிச் சொல்ல வராது.

இன்னொன்று, கிரிக்கெட் நடுவர் டிக்கி பேர்டின் ஊர் அது. விரலைத் தூக்கியபடி அவர் சிலை நகர நடுவில் நிற்கிறது. போன மாதம்தான் அவர் காலமானார். உங்கள் அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

சிவப்பு_வெள்ளை | 15 அக்டோபர்

லோகா அக்கா, விமலை நினைத்தால் எனக்கும் பெருமைதான். ஆனால் ஆட்டக்காரரை வைத்துக் கிளப்பைப் பிடிப்பது சரியா? நாளைக்கு அவர் வேறு கிளப்புக்குப் போனால் மலரும் பின்னாலேயே போக வேண்டுமா?

லோகா_லீட்ஸ் | 15 அக்டோபர்

போனால் என்ன தம்பி? எங்கே போனாலும் அவன் ஆட்டத்தைப் பார்ப்போம். என் பையன் இனிமேல் பார்ன்ஸ்லியை மறக்க மாட்டான். முதலில் கதவைத் திறந்துவிட்டது யார் என்பது மனசில் நிற்கும். 2008-ல் எஃப்.ஏ. கோப்பையில் ஆன்ஃபீல்டிலேயே லிவர்பூலைக் கடைசி நிமிடக் கோலில் வென்று, அடுத்த சுற்றில் செல்சியையும் வெளியேற்றிய கிளப் அது. சாதாரணமாக நினைக்காதீர்கள்.

சிங்கை_ரவி | 15 அக்டோபர்

அந்த லிவர்பூல் ஆட்டம் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது அக்கா. அன்றைக்கு நீங்கள் ஜெயித்தது நியாயம்தான்.

பனிமலர் | 19 அக்டோபர்

மூத்தபந்து ஐயா சொன்னபடி சாண்டிகேட் போய் வந்தேன். பஸ் ஏறி மேட்டுக்குப் போனேன். காற்று அப்படி அடிக்கிறது அங்கே. மைதானம் சமதளமாக இருக்கும் என்று நினைத்தேன்; ஒரு பக்கம் நன்றாகச் சரிந்து கிடக்கிறது. மேலே தட்டிய பந்து தானாகவே கீழ்ப்பக்கம் உருள்கிறது, ஆட்டக்காரர்கள் அந்தச் சரிவைக் கணக்குப் போட்டே உதைக்கிறார்கள். ஒருமுறை பந்து கம்பியைத் தாண்டி என் காலடிக்கு வந்தது. ஈரம், சேறு, கையில் எடுத்தால் நினைத்ததை விடக் கனம். ஒரு பையன் "நன்றி, லவ்" (இங்கே யாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) என்று கைநீட்டி வாங்கிக்கொண்டு ஓடினான். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் உள்ளங்கையில் புல் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

ஆட்டம் எனக்குப் பிடித்துவிட்டது, இனி அதில் சந்தேகமில்லை. ஆனால் வார்டில் பேச்சுக்குள் நுழைய ஹாலம் உதவவில்லை. "நல்ல இடம்" என்றார்கள், அவ்வளவுதான்.

எங்களோடு உதவியாளராக ஓர் அம்மா இருக்கிறார், 60 வயதுக்கு மேல். நான் புதிதாக வந்தபோது எந்த லிஃப்டில் ஏற வேண்டும் என்பதிலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தவர். அவர் வெட்னஸ்டே. புதன்கிழமை இரவு மிடில்ஸ்பரோவோடு ஆட்டமாம், ஆனால் போக மாட்டாராம். ரசிகர்கள் எல்லோருமே புறக்கணிக்கிறார்களாம். "ஐம்பது வருடத்தில் இப்படி வேண்டுமென்றே போகாமல் இருந்ததில்லை" என்று சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

புதன்காரர் | 23 அக்டோபர்

நேற்று இரவு நானும் போகவில்லை. வீட்டில் ரேடியோவில் கேட்டேன். இருக்கைகள் காலி, கத்துவதற்கு ஆள் இல்லை. நாங்கள் செய்தது சரிதான். ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்காரர் | 24 அக்டோபர்

கிளப் நிர்வாகிகள் கைக்குப் போய்விட்டது. அதாவது கடன் கட்ட முடியாத நிறுவனத்தைச் சட்டப்படி வெளியாட்கள் ஏற்று நடத்துவது. தண்டனையாக 12 புள்ளி கழித்துவிட்டார்கள். எங்களிடம் இருந்ததே 6 புள்ளி. ஆக இப்போது கழித்தல் 6, பூஜ்யத்துக்கும் கீழே. ஆனால் ஊரில் கொண்டாட்டம்! பழைய உரிமையாளர் போய்விட்டார். கிளப் கடையில் வரிசை வெளியே வரை நிற்கிறது. இனிமேல் கொடுக்கும் காசு கிளப்பைக் காப்பாற்றும் என்று எல்லோரும் வாங்குகிறார்கள். நானும் தேவையே இல்லாத இரண்டு டீ கப் வாங்கினேன். நாளைக்கு ஆக்ஸ்ஃபோர்டோடு ஆட்டம். தங்கச்சி, பொறுங்கள் என்று சொன்னேன் அல்லவா? இப்போது சொல்கிறேன், வாருங்கள்.

சிங்கை_ரவி | 24 அக்டோபர்

மலர், வெட்னஸ்டேயின் மைதானமான ஹில்ஸ்பரோவுக்குப் போனால் ஒரு வேண்டுகோள். 1989 ஏப்ரல் 15 அன்று அங்கே நடந்த எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள், 97 உயிர் போனது. போலீஸ் பல வருடம் ரசிகர்கள் மேலேயே பழி போட்டது. 2016-ல்தான் விசாரணையில், அவர்கள் மேல் தவறில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று தீர்ப்பு வந்தது. மைதானத்துக்கு வெளியே நினைவிடம் இருக்கிறது. என்னால் வர முடியவில்லை. எனக்காக அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

பனிமலர் | 26 அக்டோபர்

போனேன். அந்த அம்மாதான் வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடியும்போது "நாளைக்கு என்னோடு வருகிறாயா?" என்று கேட்டார். டிராமில் லெப்பிங்ஸ் லேன் நிறுத்தத்தில் இறங்கினோம். ரவி அண்ணா, நினைவிடத்தில் நின்றேன். மழையில் நனைந்த சிவப்பு மஃப்ளர்கள் கட்டியிருந்தன. அம்மாவும் தலைகுனிந்து நின்றார். எந்த வருடம் வந்தாலும் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவாராம்.

கோப் என்கிற ஸ்டாண்டில் இருந்தோம். குன்று மாதிரி செங்குத்து. அவர் உட்காரவே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர்களைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து, "திரும்பி வந்துவிட்டோம்" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். என்னை "எங்கள் வார்டுப் பெண்" என்று அறிமுகம் செய்தார். முன்வரிசைப் பெரியவர் தன் தெர்மாஸ் டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். சர்க்கரை நிறைய, நம் ஊர் டீ போலவே. ஆட்டத்தில் தோற்றுத்தான் போனோம். ஆனால் முடிந்த பிறகும் பாடிக்கொண்டே நின்றார்கள், நானும் நின்றேன். யோசித்து எழுதவில்லை, இப்போது பாருங்கள், "போனோம்" என்று என் கையே எழுதுகிறது.

சிவப்பு_வெள்ளை தம்பி, மன்னிக்க வேண்டும். பிரமால் லேனைத் தாண்டித்தான் தினமும் நடப்பேன்.

சிவப்பு_வெள்ளை | 26 அக்டோபர்

மன்னிப்பெல்லாம் எதற்கு அக்கா? வாழ்த்துகள். ஒரே ஊர்தானே. ஆனால் லண்டன் ரோட்டில் எங்கள் ஆட்ட நாளில் நீல மஃப்ளரைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் டெர்பி, அதாவது நம் இரண்டு அணிகளும் மோதும் ஆட்டம் வருகிறது, அன்றைக்கு மட்டும் நான் உங்களோடு பேச மாட்டேன்.

மூத்தபந்து | 26 அக்டோபர்

மலர், நீங்கள் நின்ற கோப்புக்கு ஒரு கதை உண்டு. பிரமால் லேனிலும் ஆன்ஃபீல்டிலும் அதே பெயரில் ஸ்டாண்ட் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஸ்பியான் கோப் என்று ஒரு குன்று. 1900 ஜனவரியில், ஆங்கிலேயருக்கும் அங்கே குடியேறிய டச்சு வம்சாவளிப் போயர்களுக்கும் நடந்த போரில், அங்கே பெரும் சண்டை. நிறைய ஆங்கிலேய வீரர்கள் செத்தார்கள், அந்த நினைவில் செங்குத்தான ஸ்டாண்டுகளுக்கு அந்தப் பெயர் வந்தது. அன்றைக்கு அந்தக் குன்றிலிருந்து காயம்பட்டவர்களைத் தூளியில் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் உண்டு. சுமார் 1,100 பேர், பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன கூலிகளில் நம் தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் ஏராளம். காயம்பட்டவரைச் சுமந்தவர்களின் வழியில் வந்த ஒரு செவிலியர் நீங்கள். அந்த ஸ்டாண்டில் நிற்க உங்களுக்கு உரிமை இல்லை என்று யார் சொல்வார்?

பனிமலர் | 28 அக்டோபர்

ஐயா, இதைத் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் சொல்லி அந்த அம்மாவிடம் விளக்கினேன். ஐம்பது வருடம் நின்ற இடத்தின் பெயர்க் காரணம் இப்போதுதான் தெரியும் என்றார். மதியச் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் மறுபடி ஒருமுறை சொல்ல வைத்தார்.

நவம்பர், டிசம்பர் ஷிஃப்ட் பட்டியலில் எந்தெந்த நாள் விடுப்பு வேண்டும் என்று ஆட்ட அட்டவணையைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். தம்பி நேற்று இரவு கூப்பிட்டான். "அதென்ன அக்கா, புள்ளி கழித்தல் ஆறு? கணக்கே இடிக்கிறதே" என்று கேட்டான். அரை மணிநேரம் விளக்கினேன்.